அறைக்குள் அங்கீட்டி

தில்லிக் குளிர் நம்மவரைப் படுத்தும் பாடு நானும் அறிவேன். ஆயினும் கதவு, சன்னல்களை அடைத்துவிட்டு அறைக்குள் கரி அங்கீட்டி மூட்டும் வழக்கத்தை, அதிலும் கர்ப்பிணி இருக்கும் வீட்டில், வன்மையாகக் கண்டிக்கிறேன்.

சென்ற மார்கழியில் ஆராய்ச்சி மாணவ நண்பரின் மனைவி தலைவலி, குமட்டல் என்று துவண்டு கிடந்தார். மூன்றாம் மாதம், மசக்கை என்றே நினைத்தோம். அங்கீட்டியை வெளியே வைக்கச் சொல்லி அதட்டியவர் பால்காரக் கிழவர். வேதியியல் படிக்கும் நான் அல்லேன்! நல்ல வேளையாகக் குழந்தை நலமாகப் பிறந்தது.

நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பற்றும். சிசுவின் இரத்தத்தைவிட்டு அது நீங்கத் தாய்க்கு ஆவதினும் நெடுநேரமாகும். நஞ்சு கடுமையானால், தாய் தேறி எழுந்தாலும் சிசுவின் மூளை பழுதுபடலாம், கருவே அழியலாம். ஆதலால் தலைவலி நின்றதென்று வீட்டிலேயே இருந்துவிடாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குளிர் தாங்கவில்லையா? என்னிடம் இரண்டு ரஜாய் இருக்கின்றன. ஒன்றை எடுத்துப் போங்கள்.