தலையெழுத்தா, சம்பளச் சீட்டா?

சம்பளம் வாங்கும் தொழிலாளி, "நம் தலையில் எழுதியது இவ்வளவுதான்" என்கிறான். தலையில் எவனும் எழுதவில்லை. சம்பளச் சீட்டில்தான் எழுதியிருக்கிறது. அதை அவன் படித்துப் பார்த்தானா?

1952-இல் பிராவிடண்டு பண்டுச் சட்டம் வந்தது. இன்று பெரும்பாலான தொழில்களில் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 100-க்கு 12 ரூபாய் இந்தப் பண்டுக்காகப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 12 ரூபாய் போடவேண்டும்; அதில் ஒரு பாகம் பென்ஷனுக்குப் போகும். முதலாளி போடுவது தானமா, தர்மமா? இரண்டுமல்ல. உழைத்தவனுடைய கூலியில் பின்னால் கொடுக்கப்படும் பாகமே அது.

அப்பணம் என்னவாகிறது? தங்கை கலியாணத்திற்கு எடுக்க விதி இடங்கொடுக்கிறது என்று எடுத்து, பந்தல், மேளம், புரோகிதன் தட்சணை என்று இரண்டே நாளில் கரைத்து விடுகிறான். 33-ஆம் வயதில் எடுத்த 1 இலட்சத்தை எடுக்காமல் விட்டிருந்தால், வருஷ வட்டி 8 சதவிகிதமென்று வைத்தாலும், 58-ஆம் வயதில் ஆறே முக்கால் இலட்சத்துக்கு மேலாகியிருக்குமே! அதைத் தொலைத்துவிட்டுக் கிழவயதில் மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "பூர்வஜென்ம பாவம்" என்று அழுவதில் என்ன அர்த்தமிருக்கிறது?

வேலை மாறினாலும் கணக்கை மூடாதீர்கள். புது வேலைக்கு மாற்றிக் கொள்ளுங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் விழுங்கும் முதலாளிகளும் உண்டு. ஆதலால் உங்கள் 12 இலக்க எண்ணைக் கொண்டு மாதந்தோறும் வரவைச் சரிபாருங்கள். குறைந்தால் சங்கத்தோடு சேர்ந்து பண்டு ஆபீசில் புகார் கொடுங்கள்.

பணக்காரன் கணக்குப் பார்க்காத நாளுண்டா? ஏழைக்கு மட்டும் ஜாதகம் போதுமா?