பாலின் பாதையை யார் வரைவது?

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. சம்பளம் உயரும்போதெல்லாம் முதலாளிமார் தரப்பிலிருந்து ஒரு பேச்சு எழுவது வழக்கம். "கூலி கூடிற்று, இனித் திறமை கூட வேண்டும், செலவு குறைய வேண்டும்" என்பதே அந்தப் பேச்சு. இதில் நமக்கு மறுப்பு இல்லை. எவருடைய திறமை, எந்தச் செலவு என்பதுதான் நம் கேள்வி.

திறமையைப் பெருக்க ஆலைகளில் கையாளும் முறைகளில் ஒன்றுக்கு 'வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங்' என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. தமிழில் 'ஓட்டப் படம்' என்று வைத்துக்கொள்வோம். ஒரு சரக்கு புறப்பட்ட இடம் முதல் வாங்குவோர் கைக்குப் போய்ச் சேரும் வரை எந்த வழியாகப் போகிறது, எங்கே வேலை நடக்கிறது, எங்கே சும்மா கிடக்கிறது, யார் யாருக்கு என்ன தகவல் சொல்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரே தாளில் வரைவதே இது. முதலில் இன்றுள்ள நிலையை வரைவார்கள். பிறகு வரவேண்டிய நிலையை வரைவார்கள். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையே செய்ய வேண்டிய வேலை.

இந்த முறை ஜப்பானிய டொயோட்டா மோட்டார் ஆலையில் வளர்ந்தது. அங்கே தாயிச்சி ஓனோ என்பவர் வீணானவற்றை ஏழு வகையாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், வீணாகச் சுமந்து திரிதல், வேண்டாத வேலையைச் செய்தல், சரக்கைத் தேக்கி வைத்தல், வீண் அசைவு, பழுதான சரக்கு. 1998-இல் மைக் ரோதர், ஜான் ஷூக் என்ற இருவர் எழுதிய புத்தகத்தின் வழியே ஓட்டப் படம் உலகெங்கும் பரவியது. தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்கே நடந்து போய் வரைய வேண்டும் என்பது அதன் முதல் விதி. ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து வரைந்தது கணக்கில் சேராது.

இனி நம் பாலின் பாதைக்கு வருவோம். ஷீட் போடும் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பெரட்டு, தீம்பாருக்கு நடை, வெட்டு, மங்கில் பால் சொட்டும் நேரம், பால் எடுப்பு, கொட்டகையில் நிறுப்பு, ஸ்டோரில் வடிகட்டித் தண்ணீர் கலந்து ஆசிட் ஊற்றி உறையவைத்தல், ரோலர், நீர் வடிதல், நாட்கணக்கில் புகைவீடு, தரம் பிரித்தல், 111 கிலோ பேல் கட்டுதல், லாரி. இத்தனை நாளில் மனிதக் கை பட்ட நேரத்தைக் கூட்டினால் அது மிகச் சொற்பமே. மீதியெல்லாம் பால் காத்திருந்த நேரம், அல்லது நாம் காத்திருந்த நேரம்.

நாம் காத்திருக்கும் நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது பேர் ஒரே வேளையில் வாளியோடு கொட்டகைக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். தராசு ஒன்று, கிராணி ஒருவர். ஒருவருக்கு நிறுத்துச் சாம்பிள் எடுக்க இரண்டு நிமிடம். முதல் ஆள் நிற்பதில்லை. கடைசி ஆள் 58 நிமிடம் நிற்கிறார். முப்பது பேரும் நின்ற நேரத்தைக் கூட்டினால் 870 நிமிடம், அதாவது பதினான்கரை மணி நேரம். ஒரே நாளில்! அந்த நேரத்துக்கு நிறுவைக் கூலி கிடையாது. வாளியில் பால் திரிய ஆரம்பித்தால் நல்ல பாலாகப் போக வேண்டியது கட்டிப்பாலாகிறது. அதில் தோட்டத்துக்கும் நஷ்டம்.

தூரத்துத் தீம்பாரில் வெட்டும் பதினைந்து பேர் அரை மணி பிந்தி வரும்படி பால் எடுக்கும் சங்கை இரண்டாகப் பிரித்து ஊதினால் என்ன ஆகும்? காத்திருப்பு 420 நிமிடமாக, ஏழு மணி நேரமாகக் குறைகிறது. புதுத் தராசு வேண்டாம், புது ஆள் வேண்டாம், ஒரு காசு செலவில்லை. திறமை என்றால் இதுவல்லவா திறமை? வெட்டுகிறவன் முதுகில் இன்னும் ஐம்பது மரத்தை ஏற்றுவதா திறமை?

ஆனால் எல்லாக் காத்திருப்பும் வீண் அல்ல. மரத்தை அறியாதவர் படம் வரைந்தால் மங்கில் பால் சொட்டும் நேரத்தையும் 'வீண்' என்று குறித்துவிடுவார். அவசரப்பட்டு எடுத்தால் பின்னால் சொட்டும் பால் போய்விடும் என்பது வெட்டுகிறவனுக்குத் தெரியும். புகைவீட்டில் நாளைக் குறைத்தால் ஷீட்டின் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், தரம் இறங்கும் என்பது புகைவீட்டுக்காரருக்குத் தெரியும். விடியற்காலை வெட்டுக்கும் காரணம் உண்டு: வெயில் ஏறுமுன் பட்டையில் பாலின் அழுத்தம் அதிகம். இவை மரத்தின் நேரம். மரத்தின் நேரத்தையும் நிர்வாகத்தின் தாமதத்தையும் பிரித்தறிய மரத்தோடு வாழ்ந்தவர் வேண்டும்.

அந்தத் தாளில் விழாத ஒன்றும் உண்டு, அதுதான் பட்டை. மரக் கணக்கைக் கூட்டினால் கை அவசரப்படும். கத்தி ஆழமாக இறங்கும். காயம்பட்ட பட்டை மேடுபள்ளமாக வளரும். மறுபடி அது வெட்டுக்கு ஆகப் பல ஆண்டுகள் பிடிக்கும். இன்றைய தாளில் லாபமாகத் தெரிவது பின்னொரு நாள் மரத்தில் நஷ்டமாகத் தெரியும். அப்போது பழி வெட்டுகிறவன் மேல் விழும்.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டப் படத்தில் சரக்கின் பாதையோடு தகவலின் பாதையையும் வரைய வேண்டும். ஒரே நிறுவையை வெட்டுகிறவர் கார்டில் ஒரு முறை, நிறுவைப் புத்தகத்தில் ஒரு முறை, செக்ரோலில் ஒரு முறை, மாதக் கணக்கில் ஒரு முறை என்று நாம் எழுதுவதுண்டு. எழுதும் இடம் கூடக் கூடப் பிழையும் கூடும். பிழை வந்தால் வெட்டுகிறவர் கேட்பது நம்மைத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். பாலில் எத்தனை சதம் உலர்ந்த ரப்பர் என்ற கணக்குக் கொட்டகையிலிருந்து ஆபீசுக்குப் போகிறது. வெட்டினவருக்குத் திரும்பி வருகிறதா? சம்பள நாளில்தான் தெரியும் என்றால் அந்த அம்புக்குறி ஒருவழிப் பாதை. சாம்பிள் முடிவு கிடைத்த அன்றே அவர் கார்டில் எழுதிக் கொடுப்பது பெரிய செலவல்ல. ஆபீசுக்கும் தீம்பாருக்கும் இடையே உள்ள சந்தேகத்தில் பாதி அதனால் தீரும்.

"இதெல்லாம் ஆட்குறைப்புக்கு வரும் வேஷம், தொடவே கூடாது" என்று சொல்லும் தோழர்கள் உண்டு. அவர்கள் அச்சம் வெறும் கற்பனையல்ல. டொயோட்டாவின் கதையே அதற்குச் சாட்சி. 1950-இல் அந்தக் கம்பெனி பணமுடையில் சிக்கி ஆட்குறைப்பில் இறங்கியது. தொழிலாளர் போராடினர். கடைசியில் பலர் வெளியேற நேர்ந்தது. தலைவர் கீச்சிரோ டொயோடாவும் பதவி விலகினார். 1962-இல்தான் அங்கே சங்கமும் நிர்வாகமும் பரஸ்பர நம்பிக்கையை அடிப்படையாக வைத்துக் கூட்டுப் பிரகடனம் செய்தன. வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில், தன் வேலையில் எது வீண் என்று எந்தத் தொழிலாளி வாய் திறந்து சொல்வான்? சொன்னால் தன் சோற்றுக்கே உலை என்று அவனுக்குத் தெரியாதா?

ஆகவே தொடவே கூடாது என்பதல்ல என் கருத்து. நாம் ஒதுங்கினால் படம் நிற்காது. நாம் இல்லாமல் வரையப்படும், அவ்வளவுதான். ஒதுங்குவதைவிட உள்ளே புகுந்து பென்சிலைப் பிடிப்பதே மேல். அதற்கு முன் நிர்வாகத்திடம் நான்கு காரியங்களை எழுத்தில் கேட்போம்.

முதலாவது, படம் வரையும் குழுவில் வெட்டுத் தொழிலாளர் ஒருவர், ஸ்டோர் தொழிலாளர் ஒருவர், கிராணி ஒருவர் இருக்க வேண்டும். அவர்களைத் தோட்டக் கமிட்டி தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, சரக்கு காத்திருக்கும் நேரத்தோடு மனிதர் காத்திருக்கும் நேரத்தையும் தனியாகக் குறிக்க வேண்டும்.

மூன்றாவது, இந்தப் படத்தைக் காட்டி எவரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது; சங்கத்தோடு பேசாமல் மரக் கணக்கைக் கூட்டக் கூடாது.

நான்காவது, மிச்சமாகும் பணத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும். மிச்சமாகும் நேரம் அவன் வீட்டுக்குப் போகும் நேரமாக வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். அதற்கு முன்பே ஒரு காரியம் செய்யலாம். ஒரு வாரம், ஒவ்வொருவரும் நிறுப்புக் கொட்டகையில் எத்தனை நிமிடம் நின்றோம் என்று கார்டின் பின்புறத்தில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் நிற்பவர் எழுதிக் கொடுக்கட்டும். அந்நிய நாட்டிலிருந்து வந்து நம்மோடு வெட்டும் தொழிலாளரையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் நிற்பதும் அதே வரிசையில்தான். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போவோம்.