டிடிஎஸ் 480 என்றால் மனை நல்ல மனையா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். 1994-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். "டீச்சர், ராணிப்பேட்டையில சிப்காட் தாண்டி ஒரு மனை வருது. விலை கம்மியாத்தான் சொல்றாங்க. போர் தண்ணியை மீட்டர் விட்டுக் காட்டினாங்க, டிடிஎஸ் 480 தான். நீங்க அங்கேயே இருக்கீங்க, வாங்கலாமா?" என்று கேட்டான். விற்பவர் யார் என்று விசாரித்தேன். அவன் சொன்னது என் சொந்தத் தம்பி மகனின் பெயர்.

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஒருவனுக்கு மட்டும் காதோடு காதாகச் சொல்லிவிட்டு மற்றவர்களிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். மருமகனே, கோபப்படாதே. முழுதும் படித்துவிட்டு அத்தையைத் திட்டு.

முதலில் அந்த மீட்டரைப் பற்றி. பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவி, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் மொத்த உப்பை ஒரு கணக்காகச் சொல்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. குடிநீரில் டிடிஎஸ் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குரோமியத்துக்கு அதே தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு 0.05 மில்லிகிராம், அதாவது இருபதாயிரம் லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு கிராம். வரம்பைப்போல் பத்து மடங்கு குரோமியம் இருந்தாலும் மீட்டரில் ஏறக்குறைய ஒரே ஒரு எண்தான் கூடும். 480 என்பது 481 ஆகும். அதை வைத்து யார் என்ன கண்டுபிடிப்பது?

இந்த ஊரில் குரோமியத்தை ஏன் இழுக்கிறேன் என்று வெளியூரில் வளர்ந்த பிள்ளைகள் கேட்கலாம். எழுபதுகளின் நடுவில் சிப்காட்டில் ஒரு குரோமேட் தொழிற்சாலை தொடங்கினார்கள். குரோமைட் தாதுவைச் சோடாவோடு சேர்த்து வறுத்து, தண்ணீர் விட்டு அலசி, தோல் பதனிடத் தேவைப்படும் இரசாயனங்களுக்கு மூலப்பொருள் எடுக்கும் தொழில் அது. அலசியபிறகு மிச்சமாகும் கழிவிலும் கொஞ்சம் குரோமேட் தங்கிவிடும். அந்தக் கழிவை வளாகத்திலேயே கொட்டினார்கள். சுமார் இருபது ஆண்டு ஓடி, தொண்ணூறுகளின் நடுவில் மூடிவிட்டார்கள். இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கழிவு அங்கேயே தங்கிவிட்டது. 2006-ல் ஒரு சர்வதேச அமைப்பு உலகிலேயே மிகவும் மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியல் போட்டபோது செர்னோபிலோடு நம் ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. 2019-ல் தனி மாவட்டமானதற்கு வெடி வெடித்தோம். இந்தப் பட்டியலைப் பற்றி ஊரில் யாரும் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில், நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான். நல்ல எலுமிச்சை மஞ்சள். "டீச்சர், எங்க வீட்டுப் பக்கத்துக் குட்டையில இப்படித்தான் இருக்கு" என்றான். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. தெரியாது என்று சொல்ல வெட்கம். "இரும்புச் சத்துடா, துரு கலந்திருக்கு, ஒன்றும் பண்ணாது" என்று வகுப்புக்கே விளக்கம் சொன்னேன். துரு செம்பழுப்பாக இருக்கும், பாட்டிலை வைத்தால் அடியில் படியும். அந்தத் தண்ணீர் மறுநாளும் தெளிந்த மஞ்சளாகவே இருந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை. அந்தப் பையன் இப்போது துபாயில் இருக்கிறான், இந்தப் பதிவையும் படிப்பான். தம்பி, அன்றைக்கு டீச்சர் சொன்னது தப்பு. நீதான் சரியாகப் பார்த்தாய்.

குரோமியத்தில் இரண்டு நிலை முக்கியம். தோல் ஷாப்புகளில் தோலை ஊறவைக்கப் பயன்படுவது மூன்றாம் நிலை. அது எளிதில் கரையாது, பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், விஷமும் குறைவு. குரோமேட் கழிவில் இருப்பது ஆறாம் நிலை, ஹெக்சாவேலண்ட் என்பார்கள். அது தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். தோலில் புண்ணாக்கும், அந்தத் தூளிலேயே வேலை செய்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும், தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும். (மூன்றாம் நிலையும் எரித்தால் ஆறாம் நிலையாக மாறக்கூடும். தோல் துண்டுகளை அடுப்பில் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.) கண்ணுக்கு மஞ்சள் தெரிந்தால் வரம்பை எத்தனையோ மடங்கு தாண்டியாகிவிட்டது என்று பொருள். நிறமே இல்லை என்பதால் நல்ல தண்ணீர் என்றும் ஆகிவிடாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். நல்ல நிலையில் இருக்கும் ஆர்.ஓ. பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால் அது கழித்துவிடும் தண்ணீரை நாம் வாழைக்குத்தானே விடுகிறோம்?

அளப்பது எப்படி என்பதையும் நான் ஒரு மாணவனிடம்தான் கற்றேன். வேதியியல் படித்தவன். டைபினைல் கார்பசைடு என்றொரு மருந்து. அமிலம் விட்ட தண்ணீரில் சேர்த்தால் ஆறாம் நிலைக் குரோமியம் இருக்கும்பட்சத்தில் ரோஜா நிறம் வரும். ஒரு மே மாதம் கொண்டுவந்து எங்கள் கிணற்றிலும் பக்கத்துத் தெருக் கிணறுகளிலும் சோதித்தான். எதிலும் நிறம் வரவில்லை. நான் மகிழ்ந்துபோனேன். "இருங்க டீச்சர்" என்றவன் ஐப்பசி மழை விட்டபின் மறுபடி வந்தான். எங்கள் கிணறு அப்படியே இருந்தது. மேட்டுக்குக் கீழ்ப்புறம் இருந்த ஒரு கிணற்றில் மட்டும், விட்ட உடனே ரோஜா. மழைதான் மேட்டை அலசி இறக்குகிறது. கோடையில் ஒருமுறை எடுத்துவிட்டு "மாசு இல்லை" என்று அறிக்கை எழுதினால் அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கிணற்றுக்காரருக்கு அதனால் என்ன பயன்? மண்ணும் அப்படித்தான். மேல்மண்ணை ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தால் போதாது. எத்தனை அடி ஆழம், மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கும் பக்கமா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். பத்து இடத்துச் சராசரி போடுகிறார்கள். வகுப்புச் சராசரி அறுபது என்று தலைமை ஆசிரியரிடம் காட்டிவிட்டுப் பெயில் ஆன பிள்ளையை மறைத்ததில்லையா நாம்? நானே செய்திருக்கிறேன்.

சரி, தீர்வே இல்லையா? இருக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட், ஆறாம் நிலையை மூன்றாம் நிலையாக மாற்றிவிடும். இறைத்த நிலத்தடி நீரை இப்படிச் சுத்தம் செய்யலாம். ஆனால் குரோமேட் கழிவில் காரம் அதிகம். அன்னபேதி உள்ளே இறங்குவதற்குள் மேலேயே படிந்துவிடும். மேற்பரப்பு சரியானதுபோல் இருக்கும், நாளாக நாளாக உள்ளிருந்து மஞ்சள் மறுபடி கசியும். மேலே ஷீட் போட்டு மண் மூடுவது மழையைத் தடுக்கும், அடியில் நிலத்தடி நீர் ஏறி வந்து அலசுவதைத் தடுக்காது. மிச்சமிருப்பது தோண்டி எடுப்பது, அடியிலும் பக்கத்திலும் கசியாத குழிக்குக் கொண்டுபோவது. நியூஜெர்சியில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், ஜெர்சி நகரத்தில் இதே வகைக் கழிவு பத்து லட்சம் டன்னுக்கு மேல் கிடந்தது. மூடினால் போதாது, தோண்டி அகற்றியே தீரவேண்டும் என்று 2003-ல் அங்கே நீதிமன்றம் சொன்னது. செலவு முழுவதும் நிறுவனத்தின் தலையில்.

நம் நீதிமன்றமும் சும்மா இல்லை. வேலூர் தோல் கழிவு வழக்கில் 1996-லேயே உச்சநீதிமன்றம், கெடுத்தவனே செலவு செய்து சீராக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மாவட்டத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2001-ல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டார்கள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 9,187 ரூபாய். 1991 முதல் 1998 வரைக்கும் சேர்த்து. கிணறும் நிலமும் போனதற்கு வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். 2025 ஜனவரியில் அதே உச்சநீதிமன்றம் பாலாறு வழக்கில், இழப்பீடு கட்டிவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடாது, நிலம் மீளும்வரை தொடரும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயது தாண்டிவிட்டது.

என் கருத்து இதுதான். நம் ஊரில் அளக்கவில்லை என்று சொல்ல முடியாது. வந்து வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்த எண் ஒன்றுகூடக் கிணற்றுக்காரருக்குத் திரும்பி வருவதில்லை. அறிக்கை கோப்பில் தூங்குகிறது, மேடு மழையில் நனைகிறது. அடுத்த அறிக்கைக்கு ஒதுக்கும் பணத்தில் பத்து லாரிக் கழிவையாவது ஒழுங்காக அள்ளினால் நான் கைதட்டுவேன்.

உறவினர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். நம் குடும்பத்திலேயே பாதிப் பேர் தோல் ஷாப்பில் சாப்பிட்டவர்கள், என் அப்பா உட்பட. அந்தச் சம்பளத்தில்தான் நான் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். தொழிலை மூடு என்று நான் சொல்லவே இல்லை. ஊர்ப் பெயரைக் கெடுக்காதே, மனை விலை இறங்கும் என்பீர்கள். விலை ஏற்கெனவே இறங்கித்தான் இருக்கிறது, அதனால்தான் பெங்களூர்க்காரனுக்குக் கம்மியாகத் தெரிகிறது. உள்ளூரில் விவரம் தெரிந்தவன் வாங்குவதில்லை, தெரியாத ஒருவன் தலையில் கட்டுகிறோம்.

பெங்களூர்த் தம்பிக்கு: எல்லா மனையும் கெட்டதென்று நான் சொல்லவில்லை. பல இடங்கள் நன்றாகவே இருக்கின்றன, எங்கள் தெருவையும் சேர்த்து. சித்திரையில் வந்து பார்க்காதே, கார்த்திகையில் வந்து பார். பரிசோதனைக் கூடத்தில் ஹெக்சாவேலண்ட் குரோமியம் என்று தனியாக எழுதிக் கேள், சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் அது இருக்காது. மண்ணை ஒரு அடியிலும் ஐந்து அடியிலும் தனித்தனியாக எடுக்கச் சொல்.

நேற்று இரவு மருமகனிடம் பேசினேன். முதலில் கத்தினான். அப்புறம், "சரி அத்தை, நானே டெஸ்ட் எடுக்கறேன், செலவு என்னோடது" என்றான். வியாழக்கிழமை பாட்டில் எடுத்துப் போகிறோம், நானும் கூடப் போகிறேன். மழைக்குப் பிறகு இன்னொரு தடவையும் எடுப்பதாகப் பேச்சு. இரண்டு அறிக்கையும் எப்படி வந்தாலும் இங்கேயே போட்டோ எடுத்துப் போடுகிறேன்.