‘கேரளா’ என்றால் நல்ல சாமானா? எழுவான்கரையில் கஞ்சாவின் பெயர்களும் அவை மறைப்பவையும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் மாங்காட்டைத் தாண்டினால் தேற்றாத்தீவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. தேற்றா மரங்களால் வந்த பெயர் என்பார்கள். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசி, கலங்கிய நீரை ஊற்றி வைத்தால் மண்டி அடியில் தங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். குழாய்நீர் வருவதற்கு முன்னர் நம் முன்னோர் தண்ணீரின் தரத்தைக் காத்த வழிகளில் அதுவும் ஒன்று.

அண்மையில் அந்தப் பக்கம் போயிருந்தபோது ஒரு தாயோடு பேசக் கிடைத்தது. போரில் சகோதரனையும் சுனாமியில் வீட்டையும் இழந்தவர். மகனுக்கு இருபது வயதுக்குள். இரவில் வெளியே போகிறான், புகைக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். “தூள் இல்லயாம் மனே, கேஜிதானாம். நல்ல சாமான் எண்டுதான் சொல்றான்” என்றார். அவருடைய குரலில் கவலையை விட ஆறுதலே அதிகம் இருந்தது.

‘கேஜி’ என்பது கேரளா கஞ்சா. ‘தூள்’ என்றால் ஹெரோயின். ஐஸ் வந்து வீடுகளை உடைக்கத் தொடங்கிய பிறகு, ‘கஞ்சாதானே’ என்று பெற்றோர் தம்மைத் தேற்றிக்கொள்வது புதிதல்ல. அந்தத் தாய்க்கு ஆறுதல் தந்தது ஒரு பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பார்ப்பது அவசியம்.

கேரளாவில் விளையாத ‘கேரளா’

இலங்கையில் பிடிபடும் கஞ்சாவில் இரு வகை உண்டு. ஒன்று மொனராகலை, அம்பாறை, ஹம்பாந்தோட்டை மாவட்டங்களின் காடுகளுக்குள் களவாகப் பயிரிடப்படுவது. மற்றது இந்தியாவிலிருந்து பாக்கு நீரிணை வழியாகப் படகில் வருவது. இரண்டாவதற்குத்தான் பொலிஸ் அறிக்கை முதல் செய்தித் தலைப்பு வரை ‘கேரள கஞ்சா’ என்று பெயர்.

ஒரு காலத்தில் கேரளாவின் இடுக்கி மலைகளில் விளைந்த கஞ்சாவுக்குச் சந்தையில் பெரிய பெயர் இருந்தது. அங்கே தோட்டங்கள் அழிக்கப்பட்ட பிறகு, தென்னிந்தியாவில் புழங்குவதில் பெரும்பகுதி ஆந்திரா–ஒடிசா எல்லையின் மலைக்கிராமங்களிலிருந்து வருகிறது. 2021இல் ஆந்திரப் பொலிஸார் ‘பரிவர்த்தனா’ என்ற நடவடிக்கையில் விசாகப்பட்டினம் மலைப்பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாவை அழித்தார்கள். அந்தச் சரக்குதான் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து யாழ்ப்பாணம், மன்னார் வழியாக உள்ளே வரும்போதும் ‘கேரளா’ ஆகிறது. விளைந்த இடம் மாறிய பிறகும் பெயர் மாறவில்லை, ஏனென்றால் அந்தப் பெயருக்கு விலை இருக்கிறது.

தரத்தைப் பெயரால் பிரிப்பது பழைய வழக்கம். பிரித்தானிய இந்திய அரசு 1893–94இல் அமைத்த கஞ்சா ஆணைக்குழு, வங்காளத்துக் கஞ்சாவை மூன்றாகப் பதிவுசெய்தது: மிதித்துத் தட்டையாக்கியது, உருட்டியது, பூ உதிர்ந்து தூளாய்க் கிடக்கும் ‘சூர்’. ஆனால் அன்று கஞ்சா அரசின் உரிமம் பெற்ற பண்டம். களஞ்சியம் இருந்தது, வரி இருந்தது, எது எந்த வகை என்று பார்க்க அதிகாரி இருந்தார். இன்று பெயரைச் சூட்டுபவரும் விற்பவரும் ஒருவரே.

மட்டச் சரக்கின் அடையாளங்கள்

தரம் குறைந்த கஞ்சாவுக்கு உலகெங்கும் பட்டப்பெயர்கள் உண்டு. அமெரிக்காவில் ‘ஸ்வாக்’ என்பார்கள். செங்கல் போல அழுத்திக் கட்டப்பட்டதை ‘பிரிக் வீட்’ என்பார்கள். பிரேசிலில் ‘பிரென்சாடோ’, அதாவது அழுத்தப்பட்டது. அமெரிக்காவின் மத்திய மாநிலங்களில் வீதியோரம் தானாக முளைக்கும் செடிக்கு ‘டிட்ச் வீட்’ என்று பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கயிறு திரிக்க அரசே பயிரிடச் சொன்ன சணல்வகைக் கஞ்சாவின் மிச்சம் அது. அதில் போதை இல்லை என்றே சொல்லலாம்.

இந்தப் பெயர்கள் எல்லாம் குறிப்பது ஏறக்குறைய ஒரே பொருளைத்தான். கஞ்சாவின் போதைச்சத்தான டிஎச்சி, பெண் செடியின் பூவில் உள்ள பிசின் நிறைந்த நுண்மயிர்களில் இருக்கிறது. விதையிலும் தண்டிலும் அது மிகக் குறைவு. ஆகவே விதையும் காம்பும் நிறைந்தது மட்டச் சரக்கு. காற்று, வெளிச்சம், சூடு பட்டுப் பழசானால் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகும், டிஎச்சி சிதைந்து சிபிஎன் என்ற வீரியம் குறைந்த பொருளாக மாறும். ஈரத்தோடு கட்டப்பட்டால் உள்ளே அழுகி அமோனியா வாடை அடிக்கும். சாம்பல் அல்லது வெண்ணிறப் பூஞ்சணமும் பிடிக்கும்.

நம் கரைக்கு வரும் ‘கேரளா’ எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். இறுக்கி அழுத்தி, பிளாஸ்டிக் சுற்றி, பொதியாகக் கட்டி, படகின் அடியில் கிடந்து வருகிறது. கடற்படை துரத்தினால் கடலில் போடப்படுகிறது. அப்படிப் போடப்பட்ட பொதிகள் கரையொதுங்குவது வடக்கில் வழக்கமான செய்தி. பிறகு மறைவிடங்களில் வாரக்கணக்கில் கிடக்கிறது. வேறு நாடுகளில் மட்டச் சரக்குக்குச் சொல்லப்படும் அடையாளங்கள் பலவும் இந்தப் பயணத்திலேயே சேரக்கூடியவை. அதற்குத்தான் இங்கே ‘நல்ல சாமான்’ என்று பெயர்.

பூஞ்சணம் பிடித்த இலையைப் புகைப்பது சாதாரண விடயமல்ல. அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சை நோயெதிர்ப்புக் குறைந்தவர்களின் நுரையீரலில் கடும் தொற்றை உண்டாக்கும். போதை குறைந்த சரக்கென்றால் ஆபத்தும் குறைவு என்ற கணக்கும் தவறு. எதிர்பார்த்தது கிடைக்காதவன் இன்னொன்று சுருட்டுவான். நம் பகுதியில் பெரும்பாலும் சிகரெட்டுக்குள்ளோ பீடிக்குள்ளோ அடைத்துத்தான் புகைக்கிறார்கள், ஆகவே புகையிலையும் சேர்ந்தே உள்ளே போகிறது.

கண்ணுக்குத் தெரியாதவை

விதை, காம்பு, நிறம், வாடை ஆகிய அடையாளங்கள் வீரியத்தைப் பற்றியும் பழமையைப் பற்றியும் ஓரளவு சொல்லும். என்ன கலந்திருக்கிறது என்பதை அவை சொல்லமாட்டா.

2007இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் இளைஞர்கள் வயிற்றுவலி, வாந்தி, இரத்தச்சோகை, தளர்ச்சி என்று ஒருவர் பின் ஒருவராக வைத்தியசாலைக்கு வந்தார்கள். மொத்தம் 29 பேர். எல்லோருடைய இரத்தத்திலும் ஈயம். காரணத்தைத் தேடிய மருத்துவர்கள் கடைசியில் அவர்கள் புகைத்த கஞ்சாவில் ஈயத்துகள் இருப்பதைக் கண்டார்கள். கிராமுக்கு விலை என்பதால், எடை கூட்ட விற்றவர்கள் கலந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பிரித்தானியாவில் நுண்ணிய கண்ணாடி மணிகள் கலந்த கஞ்சா பரவியது. பூவின் பிசின்போல மினுங்க வேண்டும் என்பதற்காகவும் எடைக்காகவும் அதைச் செய்தார்கள். பார்வைக்கு உயர்தரமாகத் தெரிந்ததுதான் அங்கே கெட்டது.

பெயர் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இன்றைய உதாரணம் ‘குஷ்’. கடந்த சில ஆண்டுகளாகக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கிலோக் கணக்கில் பிடிபடும் ‘குஷ்’, பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வரும் வீரியம் கூடிய கஞ்சா. இந்துகுஷ் மலைப்பெயரிலிருந்து வந்த சொல் அது. மேற்கு ஆபிரிக்காவின் சியாரா லியோனிலும் ‘குஷ்’ என்று ஒன்று விற்கிறது. அங்கே அது செயற்கை இரசாயனங்கள் தெளித்த இலைச்சருகு. அதில் நிட்டசீன் என்ற கடும் வீரிய ஓபியோயிட் வகையும் இருப்பதை ஆய்வுகள் காட்டின. 2024 ஏப்ரலில் அந்நாட்டு ஜனாதிபதி அதை முன்னிட்டுத் தேசிய அவசரநிலை அறிவித்தார். ஒரே பெயர், முற்றிலும் வேறான இரண்டு பொருட்கள். நாளை நம் ஊரில் ஒருவன் ‘குஷ்’ என்று ஒரு பொட்டலத்தை நீட்டினால் அது எந்தக் குஷ் என்று யார் சொல்வது?

யார் பரிசோதிக்கிறார்கள்?

பிடிபடும் சரக்கை அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதிக்கிறது. அந்த அறிக்கை வழக்குக்கானது. புகைக்கும் பையனுக்கோ அவனுடைய தாய்க்கோ அதனால் எதுவும் தெரியவராது.

சட்டப்படி கஞ்சா பெறும் இடமாக இருந்த ஆயுர்வேதத் துறையே தரத்துக்காகத் தவித்தது. வழக்குகள் முடிந்த பிறகு நீதிமன்றங்களிலிருந்து கிடைக்கும் கஞ்சா நான்கைந்து ஆண்டுகள் பழசாகி வீரியம் இழந்துவிடுகிறது என்று 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே சொன்னார். மருந்துக்காக அரசே பயிரிடும் திட்டத்தையும் அவர் அறிவித்தார். மருந்து செய்பவருக்குத் தரம் முக்கியம் என்று அரசுக்குத் தெரியும். புகைப்பவருக்கு என்ன போகிறது என்பது மட்டும் எவருடைய பொறுப்பிலும் இல்லை.

அரசின் பதில் பெரும்பாலும் கைதுகளாகவே இருந்திருக்கிறது. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டார்கள். அதன் முறைகள் குறித்து 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் கவலை தெரிவித்தது. 2025 ஒக்டோபரில் புதிய அரசாங்கமும் போதைக்கெதிரான தேசிய நடவடிக்கை ஒன்றைத் தொடங்கியிருக்கிறது.

நம் சமூகத்தில் இன்னொரு தடையும் உண்டு. அரசு பாவிக்கும் ‘புனர்வாழ்வு’ என்ற சொல். 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அந்தப் பெயரில்தான் முகாம்களில் வைக்கப்பட்டார்கள். 2022இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் போதைக்கு அடிமையானவர்களையும் முன்னாள் போராளிகளையும் ஒரே பட்டியலில் போட்டது. உயர் நீதிமன்றம் ஆட்சேபித்த பிறகு திருத்தப்பட்டு, 2023 ஜனவரியில் நிறைவேறியது. சட்டத்தின் வாசகம் மாறினாலும், காக்கி உடுத்தவர்கள் நடத்தும் புனர்வாழ்வு நிலையத்துக்குப் பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? அதனால் வீடுகள் மௌனமாகின்றன. அந்த மௌனத்தில் கஞ்சாவைப் பற்றிக் காதில் விழும் ஒரே தகவல் விற்பவன் சொல்வதுதான்.

தாய் கேட்கவேண்டிய கேள்வி

அந்தத் தாயிடம் நான் சொன்னது இவ்வளவுதான். ‘எந்தச் சாமான்’ என்று மகனிடம் கேட்டால் அவன் ஒரு பெயரைத்தான் சொல்வான், அதற்குமேல் அவனுக்கும் தெரியாது. எவ்வளவு காலமாக, நாளுக்கு எத்தனை தரம், எது இல்லாமல் நித்திரை வருவதில்லை என்று கேட்பது பயன்தரும். காரணமில்லாத வயிற்றுவலி, நீண்ட இருமல், யாரோ தன்னைப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள் என்ற பயம் இருந்தால் காத்திருக்கக் கூடாது. பதின்ம வயதில் தொடங்கியவர்களுக்கும் குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கும் கஞ்சாவால் மனப்பிறழ்வு வரும் ஆபத்து கூடுதல். எந்தப் பொட்டலமானாலும் அது மாறாது.

களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ போகலாம். அது பொலிஸ் நிலையத்துக்குப் போவதல்ல. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926. வைத்தியரிடம் என்ன புகைத்தான் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். மிச்சம் எதுவும் கையில் இருந்தால் அதன் நிறத்தையும் வாடையையும்கூடச் சொல்லலாம்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவன் நித்திரை கொள்றதுக்குத்தான் குடிக்கிறான் மனே” என்றார். மகனுக்கு நித்திரை எப்போதிலிருந்து வருவதில்லை என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. அன்றிரவு கேட்பதாகச் சொன்னார்.