ஆறு மில்லிமீட்டர் பொறுமை

கொல்கத்தாவில் ஜூன் மாதம் மழை இறங்கிவிட்டால் அடுக்குமாடி வீடுகளில் ஒரு வழக்கமான சண்டையும் ஆரம்பமாகிவிடும். கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவார். தன் சமையலறைக் கூரையில் மஞ்சளாக ஒரு வட்டம் படர்ந்திருப்பதாகச் சொல்வார். மேல்வீட்டுக்காரர் மழையைக் கைகாட்டுவார். பிளம்பர் வந்து குழாய்களைத் தட்டிப் பார்த்து, கசிவு எதுவும் இல்லை என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போவார். வட்டம் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

பல வீடுகளில் குற்றவாளி எல்லோர் கண்ணெதிரிலும்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவும் சிங்க்குக்கும் கல்மேடைக்கும் நடுவே, மேடைக்கும் சுவருக்கும் நடுவே ஓடும் ஒரு மெல்லிய இடுக்கு. வருடம் முழுவதும் அதன் வழியே நீர் இறங்குகிறது. வெயில் காலத்தில் இறங்கிய நீர் உலர்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் உலர்வதில்லை. மழை மீது விழும் பழியில் உண்மை இவ்வளவுதான்.

பழைய வங்காளச் சமையலறையில் இந்த இடுக்கு கிடையாது. அங்கே வேலை தரையில் நடந்தது. மீனை நறுக்கியதும் அம்மியில் கடுகு அரைத்ததும் கரி அடுப்பு எரிந்ததும் தரையில்தான். சிவப்புச் சாந்து பூசி வழவழப்பாக்கிய தரை, ஒரே பரப்பு. வாளித் தண்ணீரைக் கொட்டினால் மூலையிலுள்ள துவாரம் வழியே வெளியேறிவிடும். லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய தமிழர்களுக்கும் இது பழகிய ஏற்பாடுதான். ஊர் வீட்டின் அங்கணம் செய்த வேலையும் இதுவே.

அடுக்குமாடி வந்தபோது சமையல் தரையிலிருந்து எழுந்து நின்றது. இடுப்பளவு மேடை, அதில் துளை போட்டுப் பொருத்திய எவர்சில்வர் தொட்டி, பின்னால் டைல்ஸ். மூன்று பொருள்கள், மூன்று குணங்கள். சாதம் வடித்த கொதிகஞ்சியைக் கொட்டும்போது எஃகு, கிரானைட்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. பிறகு குளிர்ந்து சுருங்குகிறது. கொத்தனார் அந்த இடுக்கில் அப்பியிருக்கும் வெள்ளை சிமெண்ட்டுக்கு விரியவும் தெரியாது, சுருங்கவும் தெரியாது. கொஞ்ச நாளில் மயிரிழை போல விரிசல் விடும். தண்ணீருக்கு அது போதும்.

படகு கட்டுகிறவர்களுக்கு இது பழைய பாடம். நீரில் ஊறினால் பலகை பருக்கும், வெயிலில் சுருங்கும்; இடுக்கில் வைப்பது வளைந்து கொடுக்க வேண்டும். பலகை இடுக்கை அடைக்கும் வேலைக்குத் தமிழில் கலப்பற்று என்று பெயரே உண்டு. சமையலறைக்கு இன்று கிடைத்திருக்கும் கலப்பற்றுதான் சிலிக்கோன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இந்த வகைச் சேர்மங்களைப் பல்லாண்டு ஆராய்ந்த பிரெடரிக் கிப்பிங், இவற்றால் பெரிய பயன் விளையும் என்று 1930களில்கூட நம்பவில்லை. 1969ல் சந்திரனில் கால் பதித்தவர்களின் மேல்காலணிக்குச் சிலிக்கோன் ரப்பர்தான் அடிப்பாகம்.

காலேஜ் ஸ்ட்ரீட் என்றால் புத்தகம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அங்கே குளியலறைச் சாமான் விற்கும் கடைகளும் உண்டு. அப்படி ஒரு கடையில் 'சிலிக்கோன்' என்று மட்டும் கேட்டால் ஏதோ ஒரு குழாய் கைக்கு வரும். இரண்டு ரகங்கள் இருக்கின்றன. ஒன்று, வினிகர் வாடை அடிப்பது. உறையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் இது போதும். பளிங்கு மேடைக்கு ஆகாது. பளிங்கு அடிப்படையில் சுண்ணாம்புக் கல். அமிலம் பட்டால் அரித்துப் பளபளப்பு போய்விடும். கல்மேடைக்குக் கேட்க வேண்டியது 'நியூட்ரல்' ரகம். ஈரமான இடத்துக்கு, பூஞ்சைக்கு எதிரான மருந்து கலந்தது நல்லது. காலாவதித் தேதியைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. நாள் கடந்தது எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுவென்றே இருக்கும்.

பூசுவது பத்து நிமிட வேலை. அதற்கு முந்தைய வேலைதான் ஒரு நாள். பழைய பூச்சை பிளேடால் சுரண்டி முழுவதும் எடுக்க வேண்டும். பழைய சிலிக்கோன் மேல் புதிய சிலிக்கோன் ஒட்டாது. கடுகெண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவி, பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அதன்பின் இடுக்கு உலர வேண்டும். மேலே தொட்டுப் பார்த்தால் உலர்ந்தது போலத்தான் தெரியும். உள்ளே ஈரம் உட்கார்ந்திருக்கும். இரவு முழுவதும் மின்விசிறி ஓடட்டும். ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் நகரத்தில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் டிசம்பர், ஜனவரி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இடுக்கின் ஈரம் சிலிக்கோனுக்கு எதிரி. காற்றின் ஈரமோ அதற்கு உணவு. காற்றிலுள்ள நீராவியை வாங்கிக்கொண்டுதான் அது உறைகிறது. ஆகவே மழைக்காலத்தில் பூசியது சீக்கிரம் கெட்டியாகும். ஆனால் அடியில் சிக்கிய ஈரத்தால் சரியாக ஒட்டாமல், ஆறு மாதத்தில் நாடாபோல உரிந்து வரும். பார்வைக்கு மட்டும் அழகாக இருந்திருக்கும்.

இனி பூச்சு. இடுக்கின் இருபுறமும் மாஸ்க்கிங் டேப்பை நேராக ஒட்டி, நடுவே ஆறு மில்லிமீட்டர் அளவு விட வேண்டும். இடுக்கு ஆழமாக இருந்தால் முதலில் நுரைக் கயிறு ஒன்றைத் திணிப்பது நல்லது. சிலிக்கோன் இருபக்கச் சுவர்களை மட்டுமே பற்ற வேண்டும். அடிப்பாகத்தையும் பற்றிக்கொண்டால் நீண்டு சுருங்க வழியில்லாமல் கிழிந்துவிடும். குழாயின் மூக்கைச் சாய்வாக, இடுக்கைவிடச் சற்றுச் சிறியதாக வெட்ட வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து, துப்பாக்கியை ஒரே சீராக அழுத்தி, ஒரு மூச்சில் ஓட்ட வேண்டும். சோப்பு நீர் தொட்ட விரலால் ஒரு தடவை, ஒரே தடவை வழிக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தடவுவதில்தான் விகாரம் எல்லாம் வருகிறது. டேப்பை உடனே உரித்துவிட வேண்டும். பத்து, பதினைந்து நிமிடத்தில் ஆடை கட்டிவிடும். அதன்பின் உரித்தால் ஓரம் பிய்ந்துவரும். இந்த அளவில் 300 மில்லி குழாய் ஒன்று சுமார் எட்டு மீட்டருக்கு வரும். ஒரு சமையலறைக்கு இது தாராளம்.

கடினமான பகுதி இனிமேல்தான். 24 மணி நேரம் சிங்க்கில் ஒரு சொட்டு நீர் படக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும் ஊரில் இதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருப்பார்கள். காலை ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணிடம் சொல்ல மறந்திருப்பார்கள். அவர் வழக்கம்போலக் குழாயைத் திறப்பார். பிறகு பழியும் அவர் மீதே விழும்.

பழைய வாடகை வீடுகளில் இந்தப் பத்து நிமிட வேலையும் நடப்பதில்லை. இந்த வாடகைக்கு இதுவே அதிகம் என்பார் வீட்டுக்காரர். வீடு என்னுடையதா என்பார் குடித்தனக்காரர். இருவருக்கும் நடுவிலுள்ள அந்த இடுக்கு வழியாக இறங்கும் நீர் கூரையின் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் காரை பெயர்ந்து விழும். அந்தக் கூரையின் கீழே அடுப்பெதிரில் நிற்பவருக்கு இந்த வழக்கில் சம்பந்தமே கிடையாது.

சமையல் தரையில் நடந்தபோது கொட்டிய நீர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. மேடைக்கு ஏறிய பிறகு அது தெரியாமல் போயிற்று. தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவதற்கு முன்னால், ஒருமுறை இறங்கிப்போய் அவர் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பது.