லிமிட் கட்டம் காலியா இருந்தா யாருக்கு நஷ்டம்?

டேட்டா சயின்ஸ் லேப்ல நாம எல்லாருமே ஒரு தடவையாவது இதைச் செஞ்சிருப்போம். டேட்டாசெட்ல அங்கங்கே கட்டம் காலியா இருக்கும். மணி நாலாச்சு, ரெக்கார்டுல சைன் வாங்கணும். கைக்குக் கிடைச்ச எண்ணைப் போட்டு நிரப்பிட்டு, அவுட்புட் வந்ததும் கிளம்பிடுவோம். போனா ரெண்டு மார்க், அவ்வளவுதான்.

இதே வேலையை அமெரிக்காவுல கிரெடிட் ஸ்கோர் கணக்குல பல வருஷம் செஞ்சாங்க. அங்க போனது மார்க் இல்லை.

கதை இதுதான். அங்கே பெரும்பாலான கடன்காரங்க பார்க்கிறது ஃபைகோ ஸ்கோர். 300-லேர்ந்து 850 வரை. அதுல சுமார் 35 சதவீதம் நீங்க ஒழுங்கா கட்டினீங்களாங்கிறதுக்கு, 30 சதவீதம் எவ்வளவு பாக்கி வச்சிருக்கீங்கங்கிறதுக்கு. இந்த முப்பதுல முக்கியமான விஷயம், கார்டு லிமிட்ல எத்தனை பங்கை உபயோகிச்சிருக்கீங்க என்பது. பங்கு கூடக் கூட ஸ்கோர் இறங்கும்.

இப்போ பேங்க் உங்க பாக்கியை மட்டும் சொல்லிட்டு லிமிட்டைச் சொல்லாம விட்டா? அப்போ இருந்த கணக்கு முறைகள்ல, அந்தக் கார்டுல இதுவரை ஏறின அதிகபட்ச பாக்கியையே லிமிட்டா எடுத்துக்கிட்டாங்க.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. உங்க நிஜ லிமிட் 5,000 டாலர். மாசம் 500 செலவு பண்ணி முழுசா கட்டிடுறீங்க. இதுவரை ஏறின அதிகபட்சம் 550. நிஜத்துல நீங்க உபயோகிச்சது 10 சதவீதம். லிமிட் தெரியாத ரிப்போர்ட்ல? 500-ஐ 550-ஆல வகுத்தா 91 சதவீதம்! கழுத்து வரை கடன்ல இருக்கிற ஆள் மாதிரி தெரிவீங்க. இன்னும் கூத்து என்னன்னா, ஒரே ஒரு மாசம் 2,000 டாலருக்கு லேப்டாப் வாங்கி அடைச்சிருந்தா, அடுத்த மாசத்துலேர்ந்து அதே 500 வெறும் 25 சதவீதம் ஆகிடும். சிக்கனமா இருந்தவனுக்கு அடி, இழுத்துச் செலவழிச்சவனுக்குச் சலுகை.

ஏதோ நாலு பேருக்கு நடந்ததுன்னு நினைக்காதீங்க. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2003-ல வெளியிட்ட ஆய்வுல, சுமார் 70 சதவீதம் பேருக்குக் குறைஞ்சது ஒரு கணக்குலயாவது லிமிட் இல்லைன்னு வந்தது.

ஏன் சொல்லலை? மறதியா? எல்லா இடத்துலயும் இல்லை. பெரிய கார்டு நிறுவனமான கேபிடல் ஒன், லிமிட்டைத் தன் தொழில் ரகசியமா நினைச்சு ரிப்போர்ட் பண்ணாம இருந்தது, 2007-லதான் மாறியது. லிமிட் வெளிய தெரிஞ்சா எந்த வாடிக்கையாளரை எவ்வளவு நம்புறாங்கன்னு போட்டி பேங்குக்குத் தெரிஞ்சிடும், நல்ல ஆளைக் கொத்திட்டுப் போயிடுவாங்க. வியாபாரக் கணக்கா பார்த்தா சரிதான். ஆனா ரகசியம் அவங்களோடது, அடி வாங்கினது கார்டு வச்சிருந்தவர். வேற பேங்க்ல வீட்டுக் கடன் கேட்டுப் போய் நிக்கிறவருக்கு, வட்டி ஏன் கூடுதுன்னே புரியாது.

என்னைக் கேட்டா ஸ்கோர் போட்டவங்க மேலயும் தப்பு இருக்கு. தெரியாத எண்ணைத் தெரியாதுன்னு ஒதுக்கி வச்சிருக்கலாமே? ஒரு மாடல்ல காலிக் கட்டத்தை நிரப்புறதும் ஒரு முடிவுதான். அது எந்தப் பக்கம் சாயும்னு பார்க்காம நிரப்பக் கூடாது. இங்க அது ஒரே பக்கம்தான் சாயும். லிமிட்டைத் தாண்டிச் செலவழிச்சவரை விட்டுட்டா, அதிகபட்ச பாக்கி எப்பவும் நிஜ லிமிட்டுக்குக் கீழேதானே இருக்கும்?

கடைசியா 2010 ஜூலையில அமலுக்கு வந்த விதிகளோட வழிகாட்டுதல்ல, ரிப்போர்ட் பண்ணும்போது லிமிட்டையும் சேர்த்துச் சொல்லணும்னு எழுதினாங்க.

எம்.எஸ். போறதா இருந்தா அங்கே முதல் கார்டு வாங்கின கையோட ரிப்போர்ட்டைப் பாருங்க. இங்கேயே வேலைக்குச் சேர்ந்து கார்டு வாங்கினாலும் சிபில் ரிப்போர்ட்ல கிரெடிட் லிமிட்னு தனிக் கட்டம் இருக்கு. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். தப்பா இருந்தா புகார் கொடுங்க. 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரணும்னு 2024 ஏப்ரல்லேர்ந்து விதி இருக்கு.