தங்க முத்திரையும் தரமும்

விளையாட்டுக்கென நடுத்தர விலையில் கணினி சேர்க்கும்போது கிராபிக்ஸ் கார்டுக்காக வாரக்கணக்கில் ஆராயும் நாம், எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர் சொல்லும் மின்வழங்கியை மட்டும் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்கிறோம். பெட்டியில் பெரிய வாட் எண்ணும் '80 பிளஸ் கோல்டு' முத்திரையும் இருந்தால் போதும் நமக்கு. இதை அறியாமை என்பதைவிடச் சோம்பல் என்பதே பொருத்தம்.

2004-இல் தொடங்கிய அந்தச் சான்று, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதையே அளக்கிறது. சுமை மீறினால் பாதுகாப்புச் சுற்று உரிய நேரத்தில் துண்டிக்குமா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. கிகாபைட்டின் ஜிபி-பி750ஜிஎம் அதே தங்க முத்திரையோடுதான் விற்பனைக்கு வந்தது. சுமைச் சோதனைகளில் அது வெடித்துச் செயலிழந்ததை 2021-இல் 'கேமர்ஸ் நெக்சஸ்' காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் நிறுவனம் துண்டிப்பு வரம்பை 120–150 விழுக்காட்டிலிருந்து 110–120-ஆகக் குறைத்ததாக அறிவித்து, பழையவற்றை மாற்றித் தரவும் முன்வந்தது.

பெரிய எண்ணும் காப்பாற்றாது. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் தேவை 115 வாட். முழுக் கணினிக்கும் என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். மலிவான 850-ஐவிடத் தேர்ந்த 550 மேல். கார்டும் பிராசசரும் பெரும்பாலும் உண்பது 12 வோல்ட் தடத்தை. அதன் வாட் அளவு பக்கவாட்டு அட்டவணையில் உண்டு. அதைப் பார்ப்போம். பிரித்துப் பார்த்து, முழுச் சுமையில் சோதித்து எழுதிய மதிப்புரையைத் தேடுவோம். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்போம்.

பரிசு முத்திரை ஒட்டிய அட்டையை மட்டும் நம்பி நாவல் வாங்காதவர்கள் நாம். இங்கு மட்டும் ஏன் ஏமாற வேண்டும்?